இரண்டு கேடிகள்



போன வாரம் விடாத மழை. என் தம்பி மகன் பென் டிரைவில் இரண்டு படங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அத்தை, ரெண்டும் ஒரே கதைதான். பழசு 1962, புதுசு 1991. எது ஒசத்தின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று போய்விட்டான். அடுத்தடுத்த இரண்டு ராத்திரியில் பார்த்து முடித்தேன். அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போனது. சரி, எல்லோருக்குமாகவே இருக்கட்டும் என்று இங்கே போடுகிறேன். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

படத்தின் பெயர் 'கேப் ஃபியர்'. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. வில்லனின் பெயர் மேக்ஸ் கேடி. தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கேடிதான் அவன், சந்தேகமே இல்லை. 1957-இல் ஜான் டி. மெக்டொனால்ட் எழுதிய 'தி எக்ஸிக்யூஷனர்ஸ்' என்ற நாவல்தான் இரண்டு படங்களுக்கும் மூலம்.

கதை ரொம்பச் சின்னது. சிறைத்தண்டனை முடிந்து ஒருவன் வெளியே வருகிறான். தான் உள்ளே போகக் காரணமானவர் என்று அவன் நினைக்கிற ஒரு வக்கீலின் ஊருக்கு வந்து சேர்கிறான். வக்கீலுக்கு மனைவி, ஒரே மகள். அவன் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எதிரில் வந்து நிற்கிறான், சிரிக்கிறான், சுருட்டுப் பிடிக்கிறான். அவன் குறி மகள்மேல் என்று வக்கீலுக்குப் புரிகிறது. ஆனால் போலீஸிடம் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

முதலில் பழைய படம். இயக்கியவர் ஜே. லீ தாம்ஸன். வக்கீல் சாம் பவுடனாக கிரிகரி பெக், கேடியாக ராபர்ட் மிச்சம். கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து அமெரிக்கக் குற்றப்படங்களை 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று பிரெஞ்சு விமர்சகர்கள் அழைத்தார்கள். வெளிச்சத்தைவிட நிழல் அதிகம் வேலை செய்கிற படங்கள். அந்த வரிசை ஏறக்குறைய முடிந்துபோன நேரத்தில் வந்தது இது. ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன்தான் இதற்கும் இசை. படம் தொடங்கும்போதே பித்தளைக் கருவிகளில் நான்கு சுரம் படியிறங்குகிற மாதிரி கீழே இறங்கும். மறுநாள் காலையில் பால் காய்ச்சும்போதும் அது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சம் அறிமுகமாகும் காட்சியைச் சொல்ல வேண்டும். கோர்ட்டுப் படியில் ஏறுகிறான். எதிரே ஒரு பெண் புத்தகக் கட்டோடு வருகிறாள், ஒரு புத்தகம் நழுவிக் கீழே விழுகிறது. அவன் அதை எடுத்துக் கொடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான். கொலையில்லை, கத்தியில்லை. ஆள் யார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் முதல் நாளே சில பிள்ளைகளை இப்படித்தான் அடையாளம் தெரியும், நல்லவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவனின் பென்சில் கீழே விழுந்தால் என்ன செய்கிறான் என்று பார்த்தால் போதும்.

மிச்சத்தைப் பற்றி இன்னொரு செய்தி. படத்தின் வெளிப்புறக் காட்சிகள் சில ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த இளம்வயதில், இதே சவானாவில் தன்னை நாடோடி என்று பிடித்து, சங்கிலி போட்டு வேலை வாங்கினார்கள் என்றும், அங்கிருந்து தப்பி ஓடினேன் என்றும் மிச்சம் சொல்வாராம். படத்தில் போலீஸ் கேடியை முதலில் பிடித்துக்கொண்டு போவதும் நாடோடி என்ற பெயரில்தான். அவனோ சாவகாசமாக வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறான், பணம் இருக்கிறது, நாடோடி இல்லை. அந்தக் காட்சியில் மிச்சத்தின் முகத்தில் இருக்கும் எகத்தாளம் வெறும் நடிப்புதானா என்று எனக்குச் சந்தேகம்.

பழைய சாம் பவுடன் அப்பழுக்கில்லாதவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேடி ஒரு பெண்ணைத் தாக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கே போய்த் தடுத்தவர், பிறகு கோர்ட்டில் உண்மையைச் சாட்சியாகச் சொன்னவர். அதுதான் அவர் செய்த குற்றம். இதே 1962-இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் பெக் இன்னொரு நேர்மையான வக்கீலாக நடித்து ஆஸ்கர் வாங்கினார். அந்த முகம் சட்டத்தை நம்புகிற முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் படம் விளையாடுகிறது.

ஒன்றும் செய்யாதவனை எதற்காக உள்ளே வைப்பது என்பது போலீஸ் தலைவரின் நிலை. மனதில் இருப்பதற்காக ஒருவனைத் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது. நியாயம்தானே? "டீச்சர், இவன் என்னை அடிக்கப் போறான்" என்று புகார் வந்தால் நான் என்ன செய்வேன்? அடிக்கட்டும் என்று காத்திருக்கவும் முடியாது, அடிக்காதவனுக்குத் தண்டனை கொடுக்கவும் முடியாது. இடம் மாற்றி உட்காரவைப்பேன். சாம் பவுடனுக்கு அந்த வசதி இல்லை.

அதனால் ஒவ்வொரு படியாக இறங்குகிறார். முதலில் தெரிந்த போலீஸை வைத்துத் தொந்தரவு. பிறகு தனியார் துப்பறிவாளர். பிறகு பணம் கொடுத்து ஊரைவிட்டுப் போகச் சொல்லும் பேரம். அதுவும் பலிக்காமல், கூலிக்கு மூன்று அடியாட்கள். கேடி அவர்களையும் சமாளித்துவிடுகிறான், வக்கீலின் தொழில் உரிமமே ஆட்டம் காண்கிறது. கடைசியில் அந்த நல்ல மனிதர் என்ன செய்கிறார் தெரியுமா? மனைவியையும் மகளையும் கேப் ஃபியர் ஆற்றில் ஒரு படகு வீட்டில் வைத்துவிட்டு, தான் வெளியூர் போனதாக நாடகம் ஆடி, அவன் வருவதற்காக மறைந்து காத்திருக்கிறார். தூண்டிலில் புழு மாட்டுவது போல. எந்தப் பிள்ளையைக் காப்பாற்ற இத்தனையும் செய்தாரோ அந்தப் பிள்ளையையே இரையாக வைக்கிறார். படம் இதை ஒரு வரிகூட வசனமாகச் சொல்லிக் காட்டுவதில்லை. பெக்கின் முகம் மட்டும் நாளுக்கு நாள் கேடியின் முகம் போல ஆகிக்கொண்டு வருகிறது.

மறுநாள் ராத்திரி புதிய படம். மார்ட்டின் ஸ்கார்ஸேஸி இயக்கியது. முதலில் ஸ்பீல்பெர்க் கையில் இருந்த கதை. ஸ்கார்ஸேஸியிடம் இருந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'டை அவர் வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார். இருவருக்கும் நல்ல பண்டமாற்று. கேடியாக ராபர்ட் டி நீரோ, வக்கீலாக நிக் நோல்ட்டி, மனைவியாக ஜெஸிகா லாங், மகளாக ஜூலியட் லூயிஸ். ஹெர்மன் 1975-லேயே காலமாகிவிட்டார். அவர் கடைசியாக இசையமைத்தது ஸ்கார்ஸேஸியின் 'டாக்ஸி டிரைவர்' படத்துக்குத்தான். அந்த மரியாதையோ என்னவோ, 'கேப் ஃபியரு'க்குப் புது இசை தேடாமல் ஹெர்மனின் பழைய இசையையே எல்மர் பெர்ன்ஸ்டீனைக் கொண்டு திருத்தி அமைத்து வாங்கியிருக்கிறார். அதே நான்கு சுரம்.

பழைய நடிகர்களையும் கூப்பிட்டுப் பாத்திரங்களை மாற்றிப் போட்டிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் கைதட்டினேன். மிச்சம் இப்போது போலீஸ் அதிகாரி, கேடியால் துன்பப்படும் வக்கீலுக்கு யோசனை சொல்கிறவர். பெக் இப்போது கேடிக்கு ஆஜராகும் வக்கீல்! எந்தச் சாமுக்காக முப்பது வருஷத்துக்கு முன்னால் உருகினாரோ அந்தச் சாமுக்கு எதிராகவே கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிக் கொடுக்கிறார். முதல் படத்தில் போலீஸ் தலைவராக இருந்த மார்ட்டின் பால்சம்தான் அந்த உத்தரவைப் போடும் நீதிபதி. பழைய படம் பார்க்காதவர்களுக்கு இது வெறும் கோர்ட்டுக் காட்சி. அதனால்தான் பழையதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பெரிய மாற்றம் வேறொன்று. புதிய சாம் பவுடன் சாட்சி இல்லை, கேடிக்காகவே வாதாடிய வக்கீல். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குப் பலருடன் பழக்கம் உண்டு என்று சொல்லும் ஓர் அறிக்கை அவர் கையில் கிடைக்கிறது. அதைக் கோர்ட்டில் காட்டியிருந்தால் கேடியின் தண்டனை குறைந்திருக்கலாம். கேடி செய்த கொடுமையைப் பார்த்த சாம் அந்த அறிக்கையை மறைத்துவிடுகிறார். கேடிக்குப் பதினான்கு வருஷம். எழுதப் படிக்கத் தெரியாமல் உள்ளே போனவன், சிறையில் எழுத்துக் கற்று, சட்டம் படித்து, தன் வழக்குக் கட்டையே படித்து இதைக் கண்டுபிடிக்கிறான்.

சாம் செய்தது தவறா? கட்சிக்காரனுக்குத் துரோகம் என்று சட்டம் சொல்லும். ஆனால் ஒரு பெண் யாருடன் பழகினாள் என்பதை வைத்து அவளுக்கு நடந்த கொடுமையின் எடையைக் குறைப்பதற்குப் பெயர் நீதியா? அந்த அறிக்கையை நானாக இருந்தாலும் அடுப்பில்தான் போட்டிருப்பேன். இரண்டு படங்களிலும் கேடியிடம் சிக்கிச் சீரழியும் ஒரு பெண் வருகிறாள், இரண்டு பேருமே கோர்ட்டுக்கு வர மறுக்கிறார்கள். பழைய படத்துப் பெண் ஊர் வாய்க்குப் பயந்து ஊரைவிட்டே போய்விடுகிறாள். புதிய படத்துப் பெண் கோர்ட்டிலேயே வேலை பார்ப்பவள். கூண்டில் ஏறினால் என்னென்ன கேள்வி வரும் என்று தினமும் பார்ப்பவள், அதனாலேயே வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். பழைய படத்தில் அந்தக் குற்றத்தின் பெயரைக்கூடச் சொல்ல அன்றைய தணிக்கை விடவில்லை, தாக்கினான் என்றுதான் வரும். முப்பது வருஷத்தில் சொல்லைச் சொல்லும் உரிமை வந்திருக்கிறது, கூண்டில் ஏறும் தைரியம் மட்டும் வரவில்லை.

இருந்தாலும், சாமுக்குப் பழைய கறை ஒன்றைப் பூசியதில் கதை கொஞ்சம் இளைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சாமுக்கு வேறொரு பெண்ணோடு சிநேகமும் உண்டு, வீட்டில் ஓயாத சண்டையும் உண்டு. ஏற்கெனவே அழுக்கான வேட்டியில் இன்னொரு கறை விழுந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? வெள்ளை வேட்டியில் விழுந்தால்தான் வயிறு பதறும். பெக் கூலிப்படை தேடியபோது எனக்குப் பதறியது. நோல்ட்டி தேடியபோது, இவர் இப்படித்தானே என்று இருந்தது.

கேடியும் அப்படித்தான். டி நீரோ உடம்பு முழுக்கப் பச்சை குத்திக்கொண்டு, பைபிள் வசனம் பேசிக்கொண்டு, காருக்கு அடியில் தன்னைக் கட்டிக்கொண்டே அத்தனை தூரம் வந்து சேர்கிறார். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாலும் அசைவதில்லை, நெருப்புப் பற்றினாலும் எழுந்து வருகிறார். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் காருக்கு அடியில் தொங்குகிறவனைப் பார்த்து எனக்கு என்ன பயம்? அவனை நான் எங்கேயும் சந்திக்கப் போவதில்லை. மிச்சம் வெறுமனே ஒரு தொப்பியோடு, குடும்பம் விளையாடிக்கொண்டிருக்கும் பௌலிங் கூடத்துக்குள் நடந்து வருகிறார். அவனை நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் புதிய படம் பழையதை எங்கேயோ விட்டுவிட்டு முன்னால் போகிறது. அது பள்ளிக்கூடத்துக் காட்சி. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பழைய படத்தில் மகள் நான்சி பள்ளிக்கு வெளியே காரில் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். கேடி தூரத்தில் நடந்து வருகிறான். அவளுக்கு உயிரே போய்விடுகிறது. இறங்கி, ஆளில்லாத பள்ளிக்குள் ஓடி ஒளிகிறாள். கடைசியில் ரோட்டுக்கு ஓடி ஒரு காரில் அடிபடுகிறாள், நல்லவேளை பெரிய காயமில்லை. பயங்கரமாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அவன் கெட்டவன் என்று முன்பே தெரியும். தெரிந்ததால் ஓடுகிறாள்.

புதிய படத்தில் மகள் பெயர் டேனியெல், பதினைந்து வயது. முந்தின ராத்திரி போனில் ஒருவர் பேசுகிறார். நான்தான் உன் நாடக வகுப்பு ஆசிரியர் என்கிறார். உன் வயதில் கோபம் வருவது சகஜம் என்கிறார். பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். நாளைக்குப் பள்ளி நாடக அரங்குக்கு வா என்கிறார். மறுநாள் அவள் போகிறாள். மேடையில் குழந்தைக் கதையில் வருகிற மாதிரி ஒரு சின்ன வீடு, அதன் வாசலில் கேடி உட்கார்ந்திருக்கிறான். கையில் ஆயுதம் கிடையாது, குரலை உயர்த்துவது கிடையாது. புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறான். உன் அப்பா அம்மா உன்னைச் சின்னப் பிள்ளையாகவே நடத்துகிறார்கள் இல்லையா என்று கேட்கிறான். கொஞ்ச நேரத்தில் இவன் ஆசிரியர் இல்லை, அவன்தான் என்று அவளுக்குப் புரிகிறது. புரிந்த பிறகும் ஓடவில்லை. அதற்கு மேல் நடப்பதை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தில் பயமும் கூச்சமும், நம்மையும் ஒருவர் மதித்துப் பேசுகிறாரே என்ற சந்தோஷமும் சேர்ந்து வருகின்றன. ஜூலியட் லூயிஸுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் வியப்பே இல்லை.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பிள்ளைகளுக்கு ஆபத்து எப்படி வரும் என்று நான் நேரில் பார்த்தது இந்த மாதிரிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சாயங்காலம் பள்ளி விடும் நேரம். ஒரு ஆள் கேட்டருகே வந்து, நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பெயரைச் சொல்லி, "அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க டீச்சர், கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான். நல்ல சட்டை, பணிவான பேச்சு. பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமாதான் டீச்சர்" என்றாள். எந்த மாமா, அம்மாவோட தம்பியா, அண்ணனா என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "உங்க வீடு எந்தத் தெருன்னு மாமா சொல்லட்டும்" என்று திரும்பினால், அவன் சைக்கிளை மிதித்துப் போய்க்கொண்டிருந்தான். அம்மா அரை மணி நேரத்தில் வந்தார், நல்ல சுகத்தோடு. அவருக்குத் தம்பியும் கிடையாது, அண்ணனும் கிடையாது. மூன்று நாளாக அவன் கேட்டருகே நின்று, நீ நல்லாப் பாடுவியாமே என்று பேசியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் யாரும் அவளைப் பாடச் சொன்னதில்லை.

இதில் எனக்கு மறக்காதது அவன் முகமில்லை. பிள்ளை என்மேல் கோபித்துக்கொண்டு அழுததுதான். மாமாவோடு போக விடவில்லையாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது அவளுக்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த அழுகையை ஸ்கார்ஸேஸியின் படம் அறிந்திருக்கிறது. டேனியெல் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். அப்பா அவள் அறைக்குள் வந்து, அவன் உன்னை என்ன செய்தான் என்று அதட்டுகிறார். அவள் லேசாகச் சிரித்துவிடுகிறாள், பதின்வயதுப் பிள்ளைகள் சங்கடத்தில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அவர் முகத்தைப் பிடித்து அழுத்துகிறார். கேடி பொய்யாகவாவது கேட்ட கேள்வியை அப்பா உண்மையாகக்கூடக் கேட்கவில்லை. அறிக்கை, தண்டனை, தடை உத்தரவு என்று படம் எத்தனை பேசினாலும், அந்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது இங்கேதான்.

முடிவும் இரண்டிலும் வேறு. பழைய படத்தில் பெக்கின் கையில் துப்பாக்கி, எதிரில் கேடி, சுட்டால் கேட்க ஆளில்லை. சுடவில்லை. நீ உயிரோடு இருந்து கூண்டுக்குள் வருஷங்களை எண்ண வேண்டும் என்கிறார். சட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று பார்த்தால் ஆறுதல், அவர் குரலில் இருக்கும் திருப்தியைக் கேட்டால் ஆறுதல் இல்லை. படகில் மூன்று பேரும் திரும்பும்போது ஒருவரும் பேசுவதில்லை. புதிய படத்தில் சாம் பாறாங்கல்லைத் தூக்கிக்கொண்டு கொல்லவே நிற்கிறார், அதற்குள் வெள்ளம் கேடியை இழுத்துக்கொண்டு போகிறது. கையில் இருந்த ரத்தத்தை ஆற்றில் கழுவுகிறார். அந்தப் படம் தொடங்குவதும் முடிவதும் டேனியெலின் குரலில், பள்ளிக்கூடக் கட்டுரை வாசிப்பது போல. நடந்ததைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை என்கிறாள்.

ஆக, தம்பி மகனே, உன் கேள்விக்குப் பதில்: படமாகப் பார்த்தால் பழையதுதான் ஒசத்தி. அந்த ஒரு பள்ளிக்கூடக் காட்சிக்கு மட்டும் புதியதற்கு முழு மதிப்பெண். பெண் பிள்ளை வைத்திருக்கும் என் மாணவ மாணவியர் அந்தக் காட்சியை ஒரு தடவை பாருங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம், அவர்கள் தூங்கின பிறகு. படம் வேண்டும் என்பவர்கள் என் தம்பி மகனைக் கேளுங்கள். பென் டிரைவை நான் ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.